கண்ணாடித் தொட்டியில் அட்லாண்டிக்: கடல் நீரோட்டம் தளர்வதைச் செய்து பார்க்கும் முறை

அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்பரப்பை ஒட்டிச் சூடான, உப்பு மிகுந்த நீர் வடக்கே போகிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடல்களில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கனக்கிறது. கனத்ததும் அடியில் இறங்கி, 1,500 மீட்டருக்கும் கீழே தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஏ.எம்.ஓ.சி. என்று செய்திகளில் வருவது இந்த மேல்கீழ்ச் சுழற்சிதான். வட அட்சம் 26.5 டிகிரியில் அளந்தால் வினாடிக்குச் சராசரியாக 170 லட்சம் கனமீட்டர் நீர் இப்படிப் புரள்கிறது. பத்து லட்சம் கனமீட்டரைக் கடலியலார் ஒரு ஸ்வெர்ட்ரப் என்பார்கள். அந்தக் கணக்கில் 17 ஸ்வெர்ட்ரப். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டும் நீர் சுமார் 1.2 ஸ்வெர்ட்ரப்.

இவ்வளவு பெரிய ஓட்டத்தைத் தாங்கி நிற்பது மிகச் சிறிய எடை வித்தியாசம். புவி சூடாகும்போது வடக்கு நீர் முன்போலக் குளிர்வதில்லை. உருகும் பனியும் கூடுதல் மழையும் அதன் உப்பையும் குறைக்கின்றன. இரண்டுமே நீரை இலேசாக்கும். இலேசான நீர் இறங்க மறுக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. அதற்கு இங்கே இரண்டு வேலைகள் உள்ளன: ஒன்று கண்ணாடித் தொட்டியில், மற்றொன்று எக்செல் தாளில். ஓட்டம் எப்படித் தளர்கிறது என்பதைத் தொட்டி காட்டும். தளர்ந்து நின்றுபோன ஓட்டத்தை மீட்பது ஏன் அத்தனை கடினம் என்பதைத் தாள் காட்டும். தொட்டியோடு நிறுத்திக்கொண்டால் விஷயத்தின் பாதிதான் கைக்கு வரும். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்கள் ஆசிரியர் துணையோடு இரண்டையும் செய்யலாம்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

ஒரு கிலோவில் 35 கிராம் உப்புள்ள கடல்நீரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு கனமீட்டர் எடை வெப்பநிலையைப் பொறுத்து இப்படி மாறும்:

30 டிகிரியில் 1021.7 கிலோ
20 டிகிரியில் 1024.8 கிலோ
10 டிகிரியில் 1027.0 கிலோ
5 டிகிரியில் 1027.7 கிலோ
0 டிகிரியில் 1028.1 கிலோ

30லிருந்து 20க்குக் குளிர்ந்தால் 3 கிலோவுக்கு மேல் கூடுகிறது. அதே பத்து டிகிரி, 10லிருந்து 0க்கு வரும்போது ஒரு கிலோ சொச்சம்தான் கூடுகிறது. நீர் குளிரக் குளிர வெப்பநிலையின் செல்வாக்கு குறைந்துகொண்டே போகிறது. உப்பு அப்படி இல்லை. எந்த வெப்பநிலையிலும், கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு குறைந்தால் கனமீட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல், அல்லது அதை ஒட்டி, எடை குறையும்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. 5 டிகிரி நீர் 0 டிகிரி வரை குளிர்ந்து சம்பாதித்த கனத்தை முழுவதும் அழிக்க, கிலோவுக்கு அரை கிராமை விடச் சற்று அதிகமாக உப்பு குறைந்தால் போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 16 மில்லி நன்னீர், அதாவது ஒரு மேசைக்கரண்டி, விட்டாலே அது நடந்துவிடும். வெப்பமண்டலக் கடலில் இதே மேசைக்கரண்டி பெரிதாக எதையும் மாற்றாது. நீர் இறங்கும் இடங்கள் குளிர்ந்த வடக்கில் இருப்பதால்தான் கிரீன்லாந்தின் பனி உருகுவதைப் பற்றி இவ்வளவு பேச்சு. இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போட்டுவிட்டுத் தொட்டியிடம் போங்கள். பார்ப்பதெல்லாம் அப்போது வேறு மாதிரி தெரியும்.

தொட்டியும் பொருள்களும்

மீன் வளர்க்க விற்கும் 60 × 30 × 30 செ.மீ. கண்ணாடித் தொட்டி பொருத்தமானது. 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 36 லிட்டர் பிடிக்கும். நிரப்பிய தொட்டியைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. கண்ணாடி ஒட்டுகள் பிளந்துவிடும். ஆகவே ஆடாத மேசையில், கீழே தெர்மாகோல் தாள் விரித்து, கடைசிவரை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துவிட்டு நிரப்புங்கள். பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள்.

உப்பு 1.3 கிலோ வேண்டும். 36 லிட்டரில் கரைத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் வரும். பாக்கெட் தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் நீரைக் கலங்கலாக்கும்; பிறகு சாயம் தெளிவாகத் தெரியாது. கல் உப்பு நல்லது, ஆனால் அதில் மண் இருக்கும். முந்தைய நாளே வாளியில் கரைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, வேட்டித்துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுங்கள். தொட்டிக்குள்ளேயே உப்பைப் போட்டுக் கிளறுவது வேண்டாம். அடியில் உப்பு அதிகமான அடுக்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். குளிர்ந்த நீர் அதன்மேல் வந்து பாதி வழியிலேயே நின்றுவிடும். சோதனை சொதப்புவதற்கு இதுவே முதல் காரணம்.

குளிரூட்டும் முனைக்கு எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று, அடி தட்டையாக, ஏறக்குறைய 15 × 20 செ.மீ. அளவில். இதில் 500 முதல் 600 கிராம் பனிக்கட்டியைப் போட்டு மிதக்கவிட்டால் 2 முதல் 3 செ.மீ. வரை நீரில் அமிழும். பிளாஸ்டிக் டப்பா வெப்பத்தைக் கடத்தாது. ஓட்டம் உருவாகவே நேரம் பிடிக்கும். பனிக்கட்டிப் பையைத் தொங்கவிடுவதிலும் ஒரு சிக்கல்: பை ஆழமாக இறங்கிவிடும், மேற்பரப்பை மட்டும் குளிர்விக்க முடியாது. கடலில் குளிர்ச்சி மேலிருந்துதான் வருகிறது.

இன்னும் தேவையானவை: நீல, சிவப்பு உணவுச் சாயம், ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு, அதில் பொருத்த 30 செ.மீ. மெல்லிய ட்யூப், பொட்டாசியம் பெர்மாங்கனேட் துகள்கள் கொஞ்சம், இரண்டு வெப்பமானிகள், 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட அக்ரிலிக் பட்டை, ஒரு ஸ்பாஞ்சு, கைபேசியின் நிறுத்துக் கடிகாரம்.

முதல் ஓட்டம்: உப்பு குறையாத கடல்

தொட்டியை நிரப்பியதும் குறைந்தது ஒரு மணி நேரம் ஆடாமல் விடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். விசிறிக் காற்று மேற்பரப்பு நீரைத் தள்ளும். அது அடர்த்தியால் வரும் ஓட்டத்தைவிட வேகமாகவே இருக்கும். மேலும் கீழும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் தொடங்கலாம்.

சாயத்தைத் தொட்டியின் நீரிலேயே கரையுங்கள். குழாய் நீரில் கரைத்த சாயம் உப்பு நீரைவிட இலேசானது, எங்கே விட்டாலும் மேலே ஏறி மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஓட்டமே இல்லை’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

இடது ஓரத்தில் டப்பாவை மிதக்கவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். டப்பாவின் வெளிப்புறத்தில் வியர்த்த நீர் நன்னீர் என்பதால், வைப்பதற்கு முன் துடைத்துவிடுவது அவசியம். டப்பாவுக்குள் உள்ள பனிக்கட்டியில் சிவப்புச் சாயம் ஒரு துளி விட்டு வையுங்கள். எங்காவது ஒழுகினால் உடனே தெரிந்துவிடும்.

இப்போது ட்யூபின் முனையை டப்பாவின் அடியை ஒட்டி வைத்து, நீலச் சாயத்தை மிக மெதுவாக, பத்து வினாடிக்கு ஒரு மில்லி என்ற அளவில் விடுங்கள். நீலம் இழை இழையாகக் கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் திரும்பி, மெல்லிய தகடாக வலப்பக்கம் ஊர்ந்து போகும். வேகம் வினாடிக்கு 1 முதல் 2 செ.மீ. வரை இருக்கும். 40 செ.மீ. கோட்டைத் தொட எடுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே சமயம் நடுத்தொட்டியில் ஒரு பெர்மாங்கனேட் துகளைப் போடுங்கள். அது விழும்போது நேராக ஒரு ஊதாக் கோடு வரும். அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் கோட்டின் கால் வலப்பக்கமும் தலை இடப்பக்கமும் வளையும். அடியில் போகும் நீருக்கு ஈடாக மேலே திரும்பி வரும் நீர் அது. இந்தக் கோடுதான் சுழற்சிக்குச் சாட்சி. சாயம் ஓடுவதை மட்டும் பார்த்தால் பாதிச் சுழற்சிதான் தெரியும்.

பதினைந்து, இருபது நிமிடத்தில் ஓட்டம் தானாகவே சோர்ந்துவிடும். குளிர்ந்த நீர் அடியில் தேங்கித் தேங்கி மேலே வந்துவிட்டது என்பதே காரணம். பெருங்கடல் இப்படி நிரம்பிவிடாததற்குக் காரணம், ஆழத்து நீரை மேலே இழுக்க வழிகள் இருப்பது: அண்டார்க்டிகாவைச் சுற்றி வீசும் மேலைக்காற்று மேற்பரப்பு நீரை வடக்கே தள்ளி, அந்த இடத்துக்கு ஆழத்து நீரை ஏற வைக்கிறது, அலைகளும் ஓதங்களும் மேல் வெப்பத்தைக் கீழே கலக்குகின்றன. தொட்டியில் இரண்டும் இல்லை. ஆகவே முதல் பத்து நிமிடத்து அளவீடுகளை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஓட்டம்: நன்னீர் மூடி

தொட்டியை நன்றாகக் கிளறி, அறை வெப்பநிலைக்கு வரும்வரை விடுங்கள். இடது ஓரத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி அக்ரிலிக் பட்டையை நிறுத்தி, இரு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே 5 செ.மீ. மட்டும் இறங்க வேண்டும். நன்னீர் தொட்டி முழுக்கப் பரவி மெலிந்துவிடாமல் இது தடுக்கும். டப்பாவின் 15 செ.மீ. பக்கம் இந்த இடத்தில் இறுக்கமாக இருந்தால் பட்டையை ஒரு செ.மீ. தள்ளி வையுங்கள்.

ஒரு லிட்டர் குளிர்ந்த குழாய் நீரில் சிவப்புச் சாயம் கலந்து, பட்டைக்கு இடப்பக்கம் மிதக்கும் ஸ்பாஞ்சின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் இரண்டு நீரும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். அப்புறம் எது எவ்வளவு என்று சொல்ல முடியாது. சரியாகச் செய்தால் கத்தியால் வெட்டியதுபோல் சிவப்பு அடுக்கு மேலே நிற்கும். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, புதிய பனிக்கட்டி போட்ட டப்பாவை வையுங்கள். சிவப்பு அடுக்கு டப்பாவின் அடிக்குக் கீழே குறைந்தது ஒரு செ.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் டப்பா உப்பு நீரை நேரடியாகத் தொட்டு, முதல் ஓட்டமே மறுபடி நடக்கும்.

டப்பாவுக்கு அடியில் சிவப்பு நீர் குளிர்ந்து உள்ளுக்குள்ளேயே புரள்வதையும், எல்லையைத் தாண்டாமல் நிற்பதையும் பாருங்கள். அது எவ்வளவு குளிர்ந்தாலும் கனமீட்டருக்கு 1,000 கிலோவைத் தாண்டாது; கீழே இருப்பதோ 1,020க்கு மேல். நீலச் சாயத்தை எல்லைக்குச் சற்றுக் கீழே விட்டுப் பாருங்கள். சில மெல்லிய இழைகள் இறங்கத்தான் செய்யும். உப்பு எல்லையைத் தாண்டாவிட்டாலும் குளிர்ச்சி கொஞ்சம் கசிகிறது, அதனால் எல்லைக்கு அடியில் உள்ள உப்பு நீர் சிறிது கனக்கிறது. ஆக, ஓட்டம் முற்றிலும் நிற்காது; முன்பு தகடாகப் போனது இப்போது இழையாகப் போகும். 40 செ.மீ. கோட்டைத் தொட எடுக்கும் நேரத்தை முதல் ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். தளர்வு என்பதை ஒரு எண்ணாகப் பிடிக்கும் இடம் இதுதான்.

நேரம் இருந்தால் 500 மில்லி, 750 மில்லி என்று அளவை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிளறிவிட்ட பின், ஊற்றிய லிட்டர் ஒன்றுக்கு 36 கிராம் உப்பைக் கரைத்துச் சேர்த்தால் தொட்டி பழைய நிலைக்கு வரும். ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை செய்யாமல் வரைபடம் போடாதீர்கள். அறை வெப்பநிலை இரண்டு டிகிரி மாறினாலே நேரம் மாறும்.

சாயமே இல்லாமல் பார்க்கவும் ஒரு வழி உண்டு. அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு அங்கே ட்ரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். அடர்த்தி மாறும் இடங்களில் ஒளி வளைவதால், இறங்கும் நீர் நிழலாக நெளிவது தாளில் விழும். வகுப்பில் நாற்பது பேருக்குக் காட்ட இதுவே சிறந்தது.

தொட்டி சொல்லாதவை

தொட்டி சுழலவில்லை, பூமி சுழல்கிறது. அதனால் உண்மையான நீரோட்டம் நேர்கோட்டில் போகாமல் பெருங்கடலின் மேற்கு ஓரத்தை ஒட்டிக் குவிகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் அப்படிக் குவிந்த ஓட்டம். அதன் பெரும்பகுதியைக் காற்றும் பூமியின் சுழற்சியும் இயக்குகின்றன. காற்று வீசும்வரை அது நிற்காது. மேல்கீழ்ச் சுழற்சி தளர்ந்தால் அதில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். விசிறியைப் போட்டுவிட்டுத் தொட்டியைப் பார்த்தால், பனிக்கட்டியே இல்லாமலும் மேல்நீர் ஓடுவது தெரியும். ‘கல்ஃப் ஸ்ட்ரீம் நிற்கப்போகிறது’ என்ற தலைப்பைப் பார்த்தால் எழுதியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று முக்கியமானது. உண்மையான கடலில் ஓட்டமே தனக்கு வேண்டிய உப்பைத் தெற்கிலிருந்து கொண்டுவருகிறது. ஓட்டம் தளர்ந்தால் உப்பு வரத்து குறையும். உப்பு குறைந்தால் ஓட்டம் இன்னும் தளரும். 60 செ.மீ. தொட்டியில் இதைக் காட்ட முடியாது. 1961இல் அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டாம்மெல் இதை இரண்டே பெட்டிகளை வைத்துக் கணக்காக்கினார். அதைத்தான் தாளில் போடப்போகிறோம்.

எக்செல் தாளில் இரண்டு பெட்டிகள்

ஒன்று வெப்பமண்டலப் பெட்டி, மற்றது வடக்குப் பெட்டி. இரண்டுக்கும் இடையே வெப்ப வித்தியாசம் மாறாமல் 20 டிகிரி. உப்பு வித்தியாசம் மட்டும் மாறும். கீழே வரும் எண்கள் ஓட்டம் 17 ஸ்வெர்ட்ரப்பை ஒட்டி வரும்படி தேர்ந்தெடுத்தவை. அட்லாண்டிக்கின் அளவீடுகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு பத்திகள் போடுங்கள்: ஆண்டு, நன்னீர் (ஸ்வெர்ட்ரப்), உப்பு வித்தியாசம் (கிலோவுக்குக் கிராம்), ஓட்டம் (ஸ்வெர்ட்ரப்). ஒரு வரிக்குப் பத்து ஆண்டு.

ஓட்டம் = 24 − 6.4 × உப்பு வித்தியாசம்

அடுத்த வரியின் உப்பு வித்தியாசம் = இந்த வரியின் உப்பு வித்தியாசம் + 0.00631 × (35 × நன்னீர் − (ஓட்டம் + 3) × உப்பு வித்தியாசம்)

இரண்டாவது சூத்திரத்தில் ஓட்டத்தின் மைனஸ் குறியை நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். எக்செலில் அதற்கு ABS என்ற தனிச் செயல்பாடு இருக்கிறது. எந்தத் திசையில் ஓடினாலும் நீர் உப்பைக் கலக்கவே செய்யும் என்பதால் இந்த ஏற்பாடு. மறந்தால் ஓட்டம் திசை மாறியதும் எண்கள் எல்லையில்லாமல் ஓடிவிடும். அந்த 3 என்பது சுழல்களும் காற்றும் செய்யும் கலப்பு. 0.00631 என்பது, ஒவ்வொரு பெட்டியும் 10 கோடி கன கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு பத்து ஆண்டுக்குக் கணக்கிட்டது.

முதல் வரியில் நன்னீர் 0.6, உப்பு வித்தியாசம் 1. ஓட்டம் 17.6 வரும், அடுத்த வரியில் உப்பு வித்தியாசம் 1.0025 வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக்குறிகளைச் சரிபாருங்கள். 150 வரி கீழே இழுத்தால் ஓட்டம் 17.4இல் நிலைக்கும்.

இனி 150 வரிக்கு ஒருமுறை நன்னீரை மாற்றுங்கள். 0.7 என்றால் ஓட்டம் 15.5 ஆகும். 0.8 என்றால் 12.3. இரண்டாவது முறையும் ஏற்றியது அதே 0.1தான், ஓட்டம் குறைந்தது முதல் முறையைவிட அதிகம். அதுமட்டுமல்ல, 0.7இல் சில நூற்றாண்டுகளில் நிலைத்த ஓட்டம் 0.8இல் ஆயிரம் ஆண்டைத் தாண்டியும் நகர்ந்துகொண்டிருக்கும். விளிம்பை நெருங்கும் அமைப்பு இப்படித்தான் மந்தமாகும். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்குமா என்று ஆராய்பவர்கள் கடல் வெப்பநிலைப் பதிவுகளில் இந்த மந்தத்தைத்தான் தேடுகிறார்கள்.

0.9 போடுங்கள். முதலில் ஒன்றும் பெரிதாக நடக்காததுபோல் இருக்கும். ஐந்தரை நூற்றாண்டு கழித்து ஓட்டம் பூஜ்யத்தைக் கடந்து, −4.2இல் போய் நிற்கும். ஓட்டம் திசை மாறிவிட்டது. உண்மையில் உடையும் அளவு 0.81ஐச் சற்றுத் தாண்டிய இடம்.

இப்போது திரும்பி வாருங்கள். 0.8: ஓட்டம் மீளவில்லை. 0.6, தொடங்கிய அதே அளவு: −2.1. இதே நன்னீரில்தான் முன்பு 17.4 ஓடிக்கொண்டிருந்தது. 0.4: −0.6. 0.3 வரை இறக்கிய பிறகே ஓட்டம் எழுந்து 21ஐத் தொடும். ஒரே அளவு நன்னீருக்கு இரண்டு கடல்கள். எதில் இருப்போம் என்பதை வந்த வழி தீர்மானிக்கிறது. நன்னீரைக் கிடை அச்சிலும் ஓட்டத்தை நிலை அச்சிலும் வைத்து வரைந்து பாருங்கள். போன வழியும் திரும்பிய வழியும் தனித்தனியாக நிற்கும் அந்த வளையத்தை வரையாமல் இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். கார்பன் வெளியீட்டை ‘பிறகு குறைத்துக்கொள்ளலாம்’ என்ற வாதம் ஏன் ஆபத்தானது என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடும்.

ஒரு வரிக்கு நூறு ஆண்டு என்று எடுத்து வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். ஓட்டம் உடைந்த பிறகு உப்பு வித்தியாசம் ஐம்பது ஆண்டுக்குள் சரிசெய்துகொள்ளும் வேகத்தில் இருக்கும். படி அதைவிடப் பெரிதானால் எண்கள் மேலும் கீழும் துள்ளும். அந்தத் துள்ளல் உங்கள் தாளின் பிழை, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்களைக் கடலோடு பொருத்துவது

கிரீன்லாந்துப் பனிப்பாளம் 2002 முதல் செயற்கைக்கோள் அளவீடுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் இழந்து வருகிறது. ஆண்டுக்கு 270 கன கிலோமீட்டர் நீர். வினாடிக்கு வகுத்தால் 8,500 கனமீட்டர் சொச்சம், 0.01 ஸ்வெர்ட்ரப்பைக்கூடத் தொடவில்லை. பெரிய கணினி மாதிரிகளில் சுழற்சியை வேண்டுமென்றே உடைக்க ஊற்றும் நன்னீர் பெரும்பாலும் 0.1 முதல் 1 ஸ்வெர்ட்ரப் வரை. எனவே பனி உருகுவது ஒன்றே இன்றைக்குச் சுழற்சியை நிறுத்திவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் நீர் இறங்கும் இடத்துக்கு அருகிலேயே அது விழுகிறது. அதோடு ஆர்க்டிக்கிலிருந்து வரும் நன்னீர், கூடும் மழை, குளிராத மேற்பரப்பு மூன்றும் சேர்கின்றன. வடக்குக் கடலில் பத்து மில்லி, இருபது மில்லி எவ்வளவு செய்யும் என்று தொடக்கத்துக் கணக்கில் பார்த்தோம்.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் வெளியிட்ட அறிக்கை, இந்த நூற்றாண்டில் சுழற்சி தளர்வதற்கு மிக அதிக வாய்ப்பு என்கிறது. 2100க்குள் திடீரென்று உடையாது என்பதில் அதற்கு நடுத்தர நம்பிக்கைதான். நடுத்தரம் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகு வந்த சில ஆய்வுகள் அந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகமோ என்று கேட்கின்றன. வேறு சில, அண்டார்க்டிகாவைச் சுற்றி வீசும் காற்று இருக்கும்வரை தளர்ந்த ஓட்டமாவது மிஞ்சும் என்கின்றன. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வட அட்லாண்டிக் குளிர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும், தென்மேற்குப் பருவமழை வலுவிழக்கும் என்பதைக் கணினி மாதிரிகளும், கடந்த பனிக்காலத்தில் சுழற்சி தளர்ந்த காலங்களின் குகைப் படிவுகளும் காட்டுகின்றன. காவிரியின் நீர் பெரும்பகுதி அந்த மழையிலிருந்து வருவது.

நேரடி அளவீடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள், வட அட்சம் 26.5 டிகிரியில் பஹாமாஸ் முதல் ஆப்பிரிக்கக் கரை வரை 2004 ஏப்ரலில் இருந்து நங்கூரமிட்டு நிற்கும் ரேப்பிட் கருவிகளின் தரவை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்கியதும் மூன்று வேலைகள் செய்யுங்கள்.

முதலில் 12 மாத நகரும் சராசரி எடுங்கள். முதல் ஆண்டிலேயே ஓட்டம் 4 முதல் 35 ஸ்வெர்ட்ரப் வரை ஏறி இறங்கியது. சராசரி எடுக்காமல் எந்த இரண்டு நாளை ஒப்பிட்டாலும் வேண்டிய முடிவை வரவழைக்கலாம்.

இரண்டாவது, 2009–10ஐச் சேர்த்து ஒருமுறை, விட்டு ஒருமுறை போக்குக்கோடு போடுங்கள். அந்தக் குளிர்காலத்தை ஒட்டி ஓட்டம் ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்து, பிறகு பெரும்பாலும் மீண்டது. இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகுகின்றன என்பதே, இருபது ஆண்டுத் தரவை வைத்து எவ்வளவு அழுத்தமாகப் பேசலாம் என்பதற்கு அளவுகோல். 1950களிலிருந்து 15 சதவீதம் தளர்ந்திருக்கிறது என்று 2018இல் வந்த கணக்கு, கிரீன்லாந்துக்குத் தெற்கே உலகமே சூடாகும்போது குளிர்ந்துவரும் கடற்பகுதியின் வெப்பநிலையை வைத்து மறைமுகமாகப் போட்டது. நேரடி அளவீட்டோடு அதை ஒரே கோட்டில் ஒட்டக் கூடாது.

மூன்றாவது, கருவி எப்படி அளக்கிறது என்று படியுங்கள். புளோரிடா நீரிணையில் 1982 முதல் கடலடிக் கேபிள் ஒன்றில் தோன்றும் மின்னழுத்தத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். உப்பு நீர் பூமியின் காந்தப்புலத்தில் ஓடும்போது அந்த அழுத்தம் பிறக்கிறது. பூமியின் காந்தப்புலமே ஆண்டுக்காண்டு மாறுவதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது, அங்கே தெரிந்த தளர்வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இந்தத் திருத்தம் வெளியானது 2024இல். அதற்கு முன் இறக்கிய கோப்பு உங்களிடம் இருந்தால் அழித்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். ரேப்பிட்டின் கணக்கிலும் இந்தக் கேபிள் எண்களே சேர்கின்றன.